பெரியம்மாவின்ர சூட்கேஸுக்குள்ள ஒரு கடிதம்

பெரியம்மாவின்ர சூட்கேஸுக்குள்ள காணி உறுதி, பிள்ளையளின்ர பிறப்புச் சேட்டிபிக்கற், பெரியப்பாவின்ர அடையாள அட்டை எல்லாத்தோடயும் சேத்து ஒரு போட்டோக்கொப்பி கிடக்கு, சொப்பிங் பையால ரெண்டு தரம் சுத்தி. மாங்குளத்துக்குக் கிழக்கால, ஒட்டுசுட்டான் றோட்டால உள்ளுக்குப் போனால் வாற அவவின்ர ரெண்டு ஏக்கரில மிதிவெடி எடுத்து முடிஞ்சுது, இனிப் பாவிக்கலாம் எண்டு சொல்லுற பேப்பர். கிராம சேவையாளர் எடுத்துக் குடுத்த கொப்பி. அதோட ஒரு படமும் இருக்கு, எந்தத் துண்டு பாத்தது, எவ்வளவு ஆழத்துக்குப் பாத்தது எண்டு.

அந்த ஆழம் எண்ட சங்கதியை நாங்கள் ஒருத்தரும் வாசிக்கேல்லை. இவ்வளவு வருசமா. போன வருசம் அவவின்ர மருமோன், எனக்கு மச்சான் முறை, மண் தோண்டுற பெக்கோ மிசின் பிடிச்சுக் கிணறு வெட்டப்போறன் எண்டு நிக்கேக்க தான், பெரியம்மா "அந்தக் கடிதத்தை ஒருக்கா வாசியடா தம்பி" எண்டு என்னட்டைத் தந்தவ. வாசிச்சுப்போட்டு நான் மச்சானுக்கு போன் எடுத்துச் சொன்னது ஒரே ஒரு வசனம், பெக்கோவைத் திருப்பி அனுப்பு.

கிணத்துக் கதைக்குப் பேந்து வாறன். அதுக்கு முதல் காணியின்ர கதை.

1997 மே மாதம் ஆமியின்ர ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கினாப் பிறகு பெரியம்மா ஆக்கள் வெளிக்கிட்டவை. 1998 செப்டெம்பரில மாங்குளம் ஆமியின்ர கைக்குப் போச்சு, 1999 நவம்பரில ஓயாத அலைகள் மூண்டு எண்ட சண்டையில திரும்ப இயக்கத்தின்ர, புலியளின்ர, கைக்கு வந்துது, 2008 கடைசியில திரும்ப ஆமி. இப்பிடி ஒரு காணிக்கு மேலால இவ்வளவு தரம் ஆக்கள் போய்வந்தால், போறவை ஒவ்வொருத்தரும் தங்கட பாதுகாப்புக்கு எதையாவது தாட்டுப்போட்டுத்தான் போவினம். பெரியப்பா அதை விதைக்கிறது எண்டு தான் சொல்லுவார். "நான் விதைச்ச உழுந்து முளைக்கேல்லை, அவங்கள் விதைச்சது உக்கேல்லை" எண்டு பீடியைப் பத்தவைச்சுக்கொண்டு சொல்லுவார், ஆருக்குக் கோவம் எண்டு பிடிபடாது.

ஆமி வைச்சதில கனக்க பாகிஸ்தான் பி-4. உள்ளங்கைக்குள்ள அடங்கிற பிளாஸ்ரிக் சாமான், இரும்பெண்டு அதுக்குள்ள கொஞ்சூண்டு தான், அதால டிடெக்டர் லேசில கத்தாது. இயக்கம் தானே செய்த ஜொனி எண்டது மரப்பெட்டிக்குள்ள பற்றரி வைச்சது. பற்றரி செத்துப்போகும், வெடிமருந்து சாகாது. மழைவெள்ளம் வந்தால் இடமும் மாறும், வைச்சவன் படம் கீறி வைச்சிருந்தாலும் படத்தில ஒண்டு, மண்ணில ஒண்டு.

2009 கடைசியில மீள்குடியேற்றம் தொடங்கி, இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாம் முழுசா மூடினது 2012 செப்டெம்பரில. பெரியம்மா ஆக்கள் 2011 இல ஊருக்கு வந்தவை, ஆனால் காணிக்கு இல்லை. றோட்டோரத்தில தங்கச்சியாரின்ர வளவில தறப்பாள் கொட்டில். அங்க நிண்டு பாத்தால் தங்கட பலாமரம் தெரியும். இடையில சிவப்புப் பலகை, மண்டையோடு, மூண்டு பாஷையில எழுத்து. நாலு வருசமா தன்ர பலாப்பழத்தைக் குரங்கு தின்னுறதைப் பாத்துக்கொண்டிருந்தவ பெரியம்மா. இதை அவ சொல்லேக்க குரங்கைத்தான் பேசுவா, வேற ஒருத்தரையும் பேசமாட்டா.

மிதிவெடி எடுக்க வந்தவையில அரைவாசிக்கு மேல பொம்பிளையள், அதில ஒரு பிள்ளை எங்கட ஊர். மனுசன் 2009 இல காணாமல் போனவர், ரெண்டு பிள்ளையள், சம்பளத்துக்குத் தான் போனது எண்டு ஒளிக்காமல் சொல்லுவாள். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, நெஞ்சுக்குக் கவசம், அந்த வெயிலுக்க முழங்காலில இருந்து நீட்டுப்பிடி போட்ட றேக்கால மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா தன்ர பக்கம் சுரண்டவேணும். எங்கட பக்க மண்ணுக்கு உது தான் சரி எண்டு சொல்லுவாள், டிடெக்டர் கத்தாத சாமானையும் றேக் வெளியில கொண்டுவரும், ஆனால் ஒருநாள் முழுக்க நிண்டாலும் ஒரு சின்ன அறையளவு தான் முன்னுக்குப் போகலாம். கை எப்பிடி நடுங்காமல் செய்யிறனி எண்டு ஒருக்கா கேட்டன். "நடுங்கும் அண்ணா, நடுங்கேக்க றேக்கை வைச்சிட்டு தேத்தண்ணி குடிப்பம்" எண்டாள்.

முடிஞ்ச நாள் அவையே அந்தக் காணிக்கு மேலால நடந்து காட்டினவை. காணிச் சொந்தக்காரருக்கு முன்னால, வரிசையா, இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கத்துக்கு. எனக்குத் தெரிஞ்சு கந்தோர் வேலையளில இவ்வளவு நேர்மையான கையெழுத்து வேற இல்லை.

ஆனாலும் பெரியப்பா ரெண்டு வருசம் அந்தக் காணிக்குள்ள செருப்பில்லாமல் இறங்கேல்லை. விளங்குதோ, வன்னியில கமம் செய்யிற ஒரு மனுசன், வரம்பில வெறுங்காலோட பிறந்து வளந்தவர், வயலுக்க செருப்போட நிக்கிறார். செருப்பு மிதிவெடிக்கு என்ன செய்யும் எண்டு அவருக்குத் தெரியாமலில்லை. முதல் வருசம் உழேக்க ட்ரக்டர்காரன் வரமாட்டன் எண்டிட்டான், ரெண்டாவது ஆள் டபிள் காசு கேட்டவன். முதல் பயிர் கச்சான். கச்சான் எண்டால் வெட்டி எடுக்கிற பயிரில்லை, குனிஞ்சு மண்ணுக்குள்ள கைவிட்டுப் பிடுங்கவேணும், ஒவ்வொரு செடியா. பெரியம்மா தான் முதல் செடி பிடுங்கினவ. மற்றவை வரம்பில நிண்டவை. ஒரு பத்துப் பதினைஞ்சு செடி பிடுங்கினாப் பிறகு திரும்பிப் பாத்து, "என்ன, சும்மா நிக்கிறதுக்கோ வந்தனியள்" எண்டவ. எனக்கு அந்தக் காணி திரும்பக் கிடைச்சது கடிதம் வந்த நாளில்லை, அந்த நாள்.

இப்ப கொஞ்சம் தூரத்துக்குப் போவம். 2019 ஆடி மாதம் கனடாவில அண்ணாவிட்ட நிண்டனான், நியூ ஜெர்சியில ஒரு கலியாணம், காரில வெளிக்கிட்டம். டொரன்டோவில இருந்து அந்தப் பக்கம் ஓடின தமிழருக்குத் தெரியும், சிரக்கியூஸ் நகரத்தில டெஸ்டினி யூஎஸ்ஏ எண்ட ஒரு பெரிய மோலில நிக்காமல் ஒருத்தரும் போறேல்லை, பொம்பிளையளுக்கு உடுப்பு, ஆம்பிளையளுக்கு கழிவறை. அண்ணா தான் சொன்னான், இந்த மோல் நிக்கிற இடம் ஒரு காலத்தில எண்ணெய்த் தாங்கியள் நிண்ட, எண்ணெய் ஊறின நிலம், ஓயில் சிற்றி எண்டு பேராம். ஊறின எண்ணெய்க்கு மேல நிண்டு நான் சப்பாத்து வாங்கியிருக்கிறன்.

மோலுக்குப் பக்கத்தில ஒரு ஏரி, ஒனொண்டாகா. அதின்ர கதை தான் என்னைப் பிடிச்சது. அந்த ஊரின்ர பட்டப்பேரே உப்பு நகரம். அங்க உப்பு ஊற்று இருந்தது, உப்பிருந்தபடியால் 1884 இல சலவைச் சோடா செய்யிற பக்டரி வந்தது, 1946 இல இருந்து உப்புத்தண்ணியில மின்சாரம் விட்டு காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யத் தொடங்கினவை, அதுக்குப் பாதரசம் பாவிச்சவை. 1970 வரைக்கும் கிட்டத்தட்ட 75 தொன் பாதரசம் ஏரிக்குள்ள போச்சு. அந்த வருசம் மீன் பிடிக்கிறதையே தடை செய்தவை. 1994 இல, நஞ்சூறின இடங்களைத் துப்பரவாக்கிற அமெரிக்காவின்ர சூப்பர்ஃபண்ட் பட்டியலில ஏறிச்சு. 2012 இல இருந்து அடிச்சேத்தை உறிஞ்சி எடுத்து, எடுக்காத இடத்தை மணலும் கல்லும் போட்டு மூடி, 2016 இல அந்த வேலை முடிஞ்சுது. சோடா பக்டரிக் கழிவு கொட்டின வெள்ளைமேடு ஒண்டுக்கு மேல 2015 இல திறந்தவெளி அரங்கு கட்டி இப்ப பாட்டுக் கச்சேரி நடக்குது, கரையோரமா சனம் சைக்கிள் ஓடுது. ஆனால் மீனை எவ்வளவு சாப்பிடலாம், ஆர் சாப்பிடக்கூடாது எண்ட எச்சரிக்கை இண்டைக்கும் கிடக்கு.

உப்பு, காஸ்டிக் சோடா, குளோரின். அண்ணாவும் நானும் ஒரே நேரத்தில ஆளை ஆள் பாத்தம். பரந்தன்!

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையைத் தெரியாத கிளிநொச்சிக்காரன் இருக்கமாட்டான். ஆனையிறவு உப்பை எடுத்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்ய 1950களில வந்த பக்டரி, 1985 இல யுத்தத்தால நிண்டது. எங்கட அப்பான்ர கூட்டாளி ஒராள் அங்க வேலை செய்தவர், சனிக்கிழமை சினிமாவுக்குப் போனால் அவரின்ர சேட்டில குளோரின் மணக்கும் எண்டு அப்பா பகிடி விடுவார். இப்ப அந்த இடத்தைத் தொழில் வலயமா ஆக்கப்போறம் எண்டு கதை நடக்குது, பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை எண்டு மூண்டு இடம். நல்லது தான். எங்கட பிள்ளையளுக்கு வேலை வேணும். ஆனையிறவு உப்பளமும் திரும்ப இயங்கி, 2025 இல மேசை உப்புத் தொழிற்சாலையும் திறந்தவை, அந்த உப்புக்கு ரஜ லுணு எண்டு சிங்களத்தில பேர் வைச்சு அதில ஒரு சண்டையும் நடந்து முடிஞ்சுது. பேருக்கு அவ்வளவு சண்டை பிடிச்ச நாங்கள், பரந்தன் மண்ணுக்குள்ள என்ன கிடக்கு எண்டு ஒரு கேள்வி கேக்கேல்லையே எண்டுறது தான் எனக்குக் கவலை.

அந்தக் காலத்துக் காஸ்டிக் சோடா பக்டரியள் எந்த நாட்டில இருந்தாலும், திரும்ப அந்த நிலத்தைத் தொடமுதல் கேக்கவேண்டிய முதல் கேள்வி பாதரசம் பாவிச்சதோ, கழிவு எங்க போனது எண்டதுதான். பழைய வேலையாக்களைப் பிடிச்சுக் கேக்கவேணும், அவையும் எண்பதைத் தாண்டீட்டினம். மண்ணை நாலைஞ்சு ஆழத்தில எடுத்து லாப்புக்கு அனுப்பவேணும், பக்கத்துக் கிணறுகளையும் பாக்கவேணும். அதுக்குப் பிறகு அடிக்கல்லை நாட்டுங்கோ, பொன்னாடையைப் போடுங்கோ, நானும் வந்து கைதட்டுறன்.

அமெரிக்கன் எல்லாத்தையும் சரியாச் செய்தவன் எண்டு சொல்ல வரேல்லை. லவ் கனால் எண்ட இடத்தில, இரசாயனக் கழிவு தாட்ட வாய்க்காலுக்கு மேல பள்ளிக்கூடமும் பக்கத்தில வீடும் கட்டி, 1978 இல சனத்தைக் கிளப்பவேண்டி வந்தாப் பிறகு தான் 1980 இல அந்தச் சூப்பர்ஃபண்ட் சட்டமே வந்தது. (எங்கட தேசிய சுற்றாடல் சட்டமும் அதே 1980 தான், இலக்கம் 47. சட்டம் எழுதுறதில நாங்கள் ஒருத்தருக்கும் பிந்தினதில்லை.) ஆனால் அந்த முறையில எனக்குப் பிடிச்ச ஒரு விசயம் இருக்கு. "துப்பரவு" எண்டு மொட்டையாச் சொல்லமாட்டினம். எதுக்குத் துப்பரவு எண்டு கேப்பினம். பிள்ளையள் மண்ணில விளையாடுற இடமோ, வீடோ, கார் விடுற இடமோ, சோலர் தகடு பூட்டுற இடமோ. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு அளவு. நஞ்சை முழுக்க எடுக்காமல் மூடி விட்ட இடமெண்டால் அதில கிணறு வெட்டக்கூடாது, இவ்வளவு ஆழத்துக்குக் கீழ தோண்டக்கூடாது எண்டு எழுதிவைப்பினம், அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா திரும்ப வந்து பாக்கவேணும். 1999 இல இருந்து, நிலத்தைத் திரும்பப் பாவனைக்குக் கொண்டுவாறதுக்கெண்டே தனி வேலைத்திட்டமும் இருக்கு. மொன்டானாவில அனகொண்டா எண்ட செம்பு உருக்கின ஊரில, 1997 இல கோல்ஃப் மைதானம் திறந்து, மணல்குழிக்கு வெள்ளை மணலுக்குப் பதிலா அந்த உலையின்ர கறுப்புக் கசடையே போட்டிருக்கினம். கோல்ஃப் எங்களுக்கு என்னத்துக்கு எண்டு கேட்டால் பதிலில்லை, ஆனால் கசட்டை ஒளிக்காமல் கண்ணுக்கு முன்னால வைச்ச அந்தப் புத்தி எனக்குப் பிடிக்கும்.

இன்னொண்டு, இது எங்களுக்கு இன்னும் கிட்ட. இலினோயில ஜோலியட் எண்ட இடத்தில ரெண்டாம் உலக யுத்தத்துக்கு டி.என்.டி செய்த பெரிய பக்டரி. மூடினாப் பிறகு 1996 இல அதின்ர பெரிய பங்கைப் புல்வெளியா மாத்தவெண்டு ஒதுக்கினவை, 2015 இல காட்டெருமையளையும் கொண்டுவந்து விட்டவை. வெடிமருந்து ஊறின மண்ணை என்ன செய்தவை தெரியுமோ, கொம்போஸ்ட் போட்டவை. எருவும் செத்தையும் கலந்து குவிச்சு, பிரட்டிப் பிரட்டி விட, கிருமியள் அந்த டி.என்.டியைத் தின்று உடைச்சுப்போடும். இதை நான் பெரியம்மாவுக்குச் சொன்னன். "பின்ன, எரு போட்டால் மண் திருந்தும் தானே, இதுக்கு அமெரிக்காவுக்கு ஏன் போனவங்கள்" எண்டவ. எல்லாத்தையும் எரு திருத்தாது, பாதரசம், ஈயம் எல்லாம் எந்தக் கிருமி வந்தாலும் அப்பிடியே தான் கிடக்கும், எடுக்கவேணும், இல்லாட்டி மூடவேணும் எண்டு நான் விளங்கப்படுத்த முதல் அவ எழும்பிக் கோழிக்குத் தீன் போடப் போட்டா.

ஒனொண்டாகா ஏரிக்கு இன்னொரு சொந்தக்காரர் இருக்கினம், அந்த ஏரியின்ர பேரையே கொண்ட பூர்வகுடி, ஒனொண்டாகா மக்கள். அவைக்கு அது புனிதத் தண்ணி. மண்ணைப் போட்டு மூடினது துப்பரவில்லை எண்டு அவை சொல்லிக்கொண்டே தான் இருக்கினம். 2022 இல பக்கத்துப் பள்ளத்தாக்கில 1,000 ஏக்கருக்கு மேல காணியை அவைக்குத் திருப்பிக் குடுக்கிற உடன்படிக்கை வந்தது, ஏரியைக் கெடுத்ததுக்குக் குடுக்கவேண்டின நட்டஈட்டின்ர ஒரு பங்கா. அதை வாசிக்கேக்க எனக்கு 2017 இல கேப்பாப்பிலவில, படை பிடிச்சு வைச்சிருந்த தங்கட காணியைக் கேட்டு, கைப்பிள்ளையளோட றோட்டில இருந்த அம்மாமார் தான் நினைவுக்கு வந்தவை. காணியைத் துப்பரவாக்கிறது ஒண்டு, ஆரின்ர கையில குடுக்கிறது எண்டது வேறொண்டு. மைதானமும் மோலும் வந்து, முதல் இருந்தவன் வேலிக்கு வெளியில நிண்டால் அதுக்குப் பேர் என்ன.

எங்கட பக்கம் மிதிவெடி வேலை நல்லாத்தான் நடந்திருக்கு, அதில ரெண்டாவது கதை இல்லை. இலங்கை 2017 டிசம்பரில, மிதிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேந்தது, 2028 ஜூன் 1 க்குள்ள எடுத்து முடிக்கவேணும். முகமாலைப் பக்கம் தென்னந்தோட்டமெல்லாம் சனத்திட்டைப் போய்க்கொண்டிருக்கு. ஆனால் மிதிவெடி மட்டும் தானோ யுத்தம் விட்டிட்டுப் போனது? உடைஞ்ச அஸ்பெஸ்டஸ் சீற் குப்பை எத்தினை வளவுக்குள்ள தாண்டு கிடக்கு. 2010, 11 இல சனம் சாப்பாட்டுக்கு இரும்பு பொறுக்கின காலத்தில, எங்கட சந்தியில ஒரு வளவுக்க பழைய பற்றரியளைக் கோடாலியால பிளந்து ஈயம் எடுத்தவங்கள், அசிட்டை அப்பிடியே மண்ணில ஊத்திப்போட்டு. இப்ப அந்த வளவில வாழை நிக்குது, நல்ல வாழை, நானும் வாங்கித் தின்றிருக்கிறன். மண்டையோடு போட்ட பலகை மிதிவெடிக்கு இருந்தது, ஈயத்துக்கு ஒருத்தரும் பலகை நடேல்லை. மிதிவெடி ஒரு நாளில காலை எடுக்கும், ஊருக்கே கேக்கும். ஈயம் பிள்ளையின்ர மூளைக்குள்ள மெதுவாப் போகும், சத்தம் வராது. வகுப்பில பிள்ளை மக்கு எண்டு வாத்தியார் அடிப்பார்.

சரி, கிணறு.

கடிதத்தில இருந்த ஆழம் கச்சானுக்கும் உழவுக்கும் காணும், கிணத்துக்குக் காணாது. அதுக்குக் கீழ ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம், ஒரு பழைய பங்கர், மூடுப்பட்ட ஷெல் எண்டு இருக்கவும் இருக்கலாம். கிராம சேவையாளருக்குச் சொல்லி, அவர் மேல சொல்லி, மூண்டு கிழமையால ஆக்கள் வந்து மச்சான் குறிச்ச இடத்தைப் பாத்தவை. ஒண்டும் இல்லை. பெக்கோக்காரனுக்குக் குடுத்த அட்வான்ஸ் போனதிலயும் மழைக்கு முதல் முடிக்க ஏலாமல் போனதிலயும் மச்சான் என்னோட ஒரு மாதம் முகம் குடுத்துக் கதைக்கேல்லை, எனக்கு அதில கவலையும் இல்லை. தைக்குப் பிறகு கிணறு வெட்டித் தண்ணியும் வந்துது.

முதல் தண்ணியை ஒரு போத்திலில எடுத்து சோதிக்கக் குடுத்தன். குடுக்கேக்க கவுண்டரில இருந்த தம்பியிட்ட, இது முந்தி வெடி எடுத்த காணி, அந்தந்த இடத்திலயே வைச்சு வெடிக்க வைச்சதும் இருக்கு, வெடிமருந்து ஏதும் தண்ணியில இறங்கியிருக்கோ எண்டும் பாக்க ஏலுமோ எண்டு கேட்டன். அவர் போமைப் பிரட்டிப் பாத்தார். "அண்ணை, இதில அப்பிடி ஒரு கட்டம் இல்லை" எண்டார், பாவம், உண்மையாவே தேடிப் பாத்திட்டுத் தான் சொன்னவர். பேந்து "வேற எண்டு எழுதிவிடட்டோ" எண்டு கேட்டார். எழுதச் சொன்னன்.

ரெண்டு கிழமையில றிப்போட் வந்தது. கல்லுத்தன்மை கூட, கொதிக்கவைச்சுக் குடியுங்கோ. "வேற" எண்டதுக்கு நேர ஒரு கோடு. பெரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன்.

"அந்தக் கோடு என்னடா?"

"பாக்கேல்லை எண்டு அர்த்தம், பெரியம்மா."

கொஞ்ச நேரம் பேப்பரை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தவ. பிறகு மடிச்சு சூட்கேஸைத் திறந்து, அந்தப் போட்டோக்கொப்பிக்குப் பக்கத்தில வைச்சிட்டு, சொப்பிங் பையைத் திரும்ப ரெண்டு தரம் சுத்தினவ. "பாக்கிறவங்கள் வந்தால் காட்டலாம்" எண்டு போட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்க எழும்பினவ. பழைய இடத்துத் தண்ணியோ புதுக் கிணத்துத் தண்ணியோ எண்டு நான் கேக்கேல்லை.